பால் சொசைட்டி வரிசைக்காரர்

எமதர்மராஜனே எருமையில் ஏறி எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அவருடையது கடா என்பதால், பால் இல்லாமல் வந்து இடத்தை அடைத்ததற்குத் தனியாக ஒரு முறைப்பும் வாங்குவார். நம்பாதவர்கள் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, காலை ஆறு மணிக்கு எங்கள் சொசைட்டி வாசலில் ஒருமுறை முந்திப் பார்க்கட்டும். அங்கே வரிசைக்காரர் இருப்பார்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய அந்த மனிதரை ஊரில் ஒருவரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. சிறு வயதிலேயே கோயமுத்தூர் டாக்டர் மூளை வளர்ச்சி பற்றி ஏதோ ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதைப் படிக்காமலே ஊர் ஆளுக்கொரு பட்டம் கொடுத்தது. ‘பாவம்’ என்றது, ‘ஒரு மாதிரி’ என்றது. எழுதக் கூசுகிற பட்டங்களும் உண்டு. அவருடைய அம்மா மட்டும், “எம் பையனுக்கு எதுவும் மெதுவாத்தானுங்க ஏறும். ஏறுச்சுன்னா எறங்காது” என்பார். அப்படி ஏறி இறங்காமல் போனவற்றில் ஒன்று மாடு கறப்பது. மற்றொன்று வரிசை.

எங்கள் ஊர் வழக்கம் இது. பால் பாத்திரத்தை, எங்கள் பேச்சில் போசியை, வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் போசி. யாராவது நைசாகக் காலால் தள்ளித் தன் போசியை முன்னுக்கு நகர்த்துவார்கள். வரிசைக்காரரிடம் அது நடக்காது. எந்த நசுங்கல் யாருடையது, எந்தப் பிடியில் யார் கயிறு சுற்றியிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பஞ்சாயத்து மெம்பரின் மச்சினன் ஒரே காலையில் ஆறு தடவை தன் போசியை முன்னே கொண்டுவந்தான். ஆறு தடவையும் அது பழைய இடத்துக்கே போனது.

“பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாச்சு. உடுய்யா!”

“உங்க மொறை வர்லீங்க.”

“நான் ஆருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க. பதினொண்ணாவது.”

ஒரு டிசம்பர் மாதம் சொசைட்டியில் அவரைப் பாராட்டி விழா எடுத்தோம். மாற்றுத்திறனாளிகள் தினமாம். பாலக்காட்டிலிருந்து சிறப்பு விருந்தினர், மைக் செட், ஒரே ஒரு பொன்னாடை. அவரை முதலில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து பார்த்தார். தனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவர்களைக் கையால் காட்டினார். “இவிங்கெல்லாம் எனக்கு முன்னாலயே வந்தவிங்க.” கெஞ்சினோம், மிரட்டினோம், இழுத்தோம். அசையவில்லை. கடைசியில் அந்தப் பொன்னாடையைப் பத்தொன்பது பேருக்கு ஒவ்வொருவராகப் போர்த்தி, போட்டோ எடுத்து, உருவி, அடுத்தவருக்குப் போர்த்தி, இருபதாவதாக அவரிடம் வந்தோம். விருந்தினருக்கு வியர்த்து ஊற்றியது. வரிசைக்காரர் அதை வாங்கி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டிக்குப் போர்த்தினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதத்தில் எலும்பைக் குடையும். அந்தப் பொன்னாடையால் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

சிரித்தீர்களா? நானும் சிரித்தேன். இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க அதிகமில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்த வருஷம் அவருடைய அம்மா இறந்துபோனார். சொசைட்டி மெம்பர்ஷிப் அம்மா பெயரில் இருந்தது. மூன்று மாடுகளையும் கறப்பவர் மகன், தீவனம் வைப்பவர் மகன், பால் சுமந்து வருபவரும் மகன். மெம்பர் இறந்தால் வாரிசுக்கு மாற்றித் தரலாம் என்று சட்டம் இருக்கிறது. தன் பெயரைக் கால் பக்கத்துக்குப் பெரிதாக எழுதி அவர் விண்ணப்பம் கொடுத்தார். கூடவே அவருடைய சித்தப்பா மகனும் ஒரு விண்ணப்பம் கொடுத்தான். மெம்பர்ஷிப் தன் பெயருக்கு வரட்டும், மாடுகள் தன் தொழுவத்துக்கு வரட்டும், அண்ணனைத் திருச்சூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஹோமில் சேர்த்துவிடலாம் என்பது அவன் யோசனை.

“அதுதானுங்க நல்லது. இவனுக்கு யோகம், மீட்டிங்னு வந்து ஒக்காந்து என்ன தெரியப்போகுது?” என்றார் பிரசிடெண்ட். சட்டசபைத் தேர்தலுக்கு வரிசைக்காரரை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுப் போட வைத்தவர் இதே பிரசிடெண்ட்தான். நாட்டை ஆள ஆள் பொறுக்கி எடுக்கலாமாம், பால் சொசைட்டியில் நாற்காலி போட்டு உட்காரக் கூடாதாம். ஒன்றுக்கும் உதவாத, சொந்தமாக ஆட்டுக்குட்டிகூட இல்லாத பிரசிடெண்ட்டின் மருமகன் மெம்பராக இருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

கமிட்டியில் ஒன்பது பேர். எட்டுத் தலைகள் ஆடின. ஒன்பதாவது தலை ஆடவில்லை, குனிந்துகொண்டது. அது என் தலை. அந்தச் சொசைட்டியில் நானும் ஒரு டைரக்டர்.

ஒன்றாம் தேதியோடு அம்மாவின் மெம்பர் நம்பரை நிறுத்தினார்கள். அன்று காலையும் வரிசைக்காரர்தான் முதலில் வந்து நின்றார். பாலைச் சோதித்து அளக்கிற டெஸ்டர் அவருடைய போசியை வாங்கவில்லை.

“நம்பர் இல்லீங்க. அம்மாதான் போயிட்டாங்களே.”

“அம்மா போயிருச்சுங்க. நான் இருக்கறேங்க.”

டெஸ்டர் தலையைத் திருப்பிக்கொண்டு, “அடுத்தது!” என்றார்.

அடுத்து நின்றது என் மனைவி. எங்கள் ஊரில் மாடு பெண்களுடையது, மீட்டிங் ஆண்களுடையது. கறப்பதும் சுமப்பதும் அவள். டைரக்டர் நான்.

“எனக்கு முன்னால ஒருத்தரு நிக்கறாருங்க” என்றாள்.

“அவருக்கு மெம்பர்ஷிப் இல்லீங்கக்கா. நீங்க ஊத்துங்க.”

“என்ற மொறை வர்லியே. எப்படி ஊத்தறது?”

“அடுத்தது!”

மூன்றாவதாக நின்ற பெண்ணும் அதையே சொன்னார். நான்காவது ஆளும் அதையே சொன்னார். டெஸ்டர் வரிசை நெடுக நடந்தார். முக்கால்வாசிப் பேர் பதில் சொன்னார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். போசியை மட்டும் ஒருவரும் நீட்டவில்லை. பதினொன்றாவதாகப் பஞ்சாயத்து மெம்பரின் மச்சினன் நின்றான். இரண்டு பக்கமும் பார்த்தான், “என்ற மொறையும் வர்லீங்க” என்றான். வருஷக்கணக்காக அந்த வாக்கியத்தைத் திட்டிக்கொண்டே கேட்டவர்கள் எல்லோரும்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. வெயில் ஏறினால் அத்தனை பாலும் திரிந்துபோகும். பிரசிடெண்ட் பைக்கில் பறந்து வந்து, டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என்மேல் பாய்ந்தார். “டைரக்டர் ஊட்டம்மாவே இப்படிப் பண்ணுனா எப்படிங்க? போய்ச் சொல்லுங்க!”

போனேன். என் மனைவி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “ஏனுங்க, மீட்டிங்ல தலையக் குனிஞ்சுக்கிட்டீங்களாமா. இங்கயும் அப்படியே குனிஞ்சுக்கிட்டு ஓரமா நில்லுங்க. பால் போனாப் போகுது.”

முப்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. வரிசைக்காரர் போசியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இருபது வருஷமாக எங்களுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்த மனிதரைப் பிச்சைக்காரரைப்போல நிற்க வைத்திருந்தோம். டெஸ்டர் என்னைப் பார்த்தார்.

“வாங்கி ஊத்துங்க” என்றேன்.

“ஆரைக் கேட்டுச் சொல்றீங்க?” என்று பிரசிடெண்ட் கத்தினார்.

“ஆரையும் கேக்கலீங்க. கேட்டுக் கேட்டுத்தான் இந்த லட்சணத்துல நிக்கறோம். ஊத்துங்க!”

ஊற்றினார். அப்புறம் என் மனைவி ஊற்றினாள். அந்த வாரமே அவசரக் கமிட்டி கூடி மெம்பர்ஷிப்பை அவர் பெயருக்கு மாற்றியது. மாடுகள் அவர் தொழுவத்திலேயே நின்றன. பிரசிடெண்ட்டுக்கு வெட்கம் என்பது கிடையாது. உள்ளூர் நிருபரைக் கூப்பிட்டு, எல்லோரையும் அரவணைக்கும் சொசைட்டி என்று பேட்டி கொடுத்தார். இன்னொரு விழா வைக்கலாம் என்றார். பொன்னாடை வாங்கினால் அதாலேயே உங்கள் வாயைக் கட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்த பொதுயோகத்தில் வரிசைக்காரர் வெள்ளை வேட்டி கட்டி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கைப் பிடித்து நாற்பது நிமிஷம் பேசுகிறவர்களை நானும் பல வருஷமாகப் பார்க்கிறேன். அவர் அளவுக்குக் கவனமாக அஜெண்டாவைக் கேட்டவர் அங்கே இல்லை.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பாலை நானே சுமந்து போகிறேன். முதல் நாள் அவரிடம் போய் நின்று, “தப்புப் பண்ணிப்போட்டனுங்க, மன்னிச்சுக்குங்க” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் போசியைப் பார்த்தார். “மூடி சரியாப் போடலீங்க” என்று சொல்லி, குனிந்து, தானே அழுத்தி மூடிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மூடியைச் சரியாகப் போடாமல்தான் கொண்டுபோகிறேன்.