தொப்பி போட்ட கோழிக்குஞ்சுகள்

பூண்டுலோயா

குவைத்தில் இருக்கும் அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பிரேமினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு கோழியைத் தவிர எல்லோரும் சுகம். அங்கு நீங்களும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் பேசினால் லயத்து வீட்டுச் சனமெல்லாம் சுற்றி நிற்கிறது. அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் மீனம்மா அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவா என்று கேட்டீர்களே, அதை விஞ்ஞானப்படி யோசித்தேன். நீங்கள் போகும்போது கைக்குழந்தையாக இருந்த தம்பி தர்ஷன், இப்போது பிரியந்தி சித்தியை 'அம்மா' என்கிறான். உங்களை 'போன் ஆன்ட்டி' என்கிறான். ஆகவே பள்ளி நூலகத்தில் விலங்கியல் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முட்டைக்குள் குஞ்சு வளர்வதை அறிய அரிஸ்டாட்டில் நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்தாராம். நான் இரண்டாவதை உடைப்பதற்குள் சித்தி அகப்பையோடு வந்து, "அந்தாளுக்கு யாருடி முட்ட வாங்கிக் குடுத்தா?" என்று கேட்டார். அது புத்தகத்தில் இல்லை. அதனால் ஸ்போல்டிங் என்பவருக்கு மாறினேன். கூரை வேலை செய்துகொண்டிருந்து விஞ்ஞானியானவர். பொரித்த உடனே குஞ்சுகளின் கண்ணை மறைத்துத் தொப்பி போட்டார். இரண்டு மூன்று நாளில் கழற்றியதும், எதிரே நடந்த அவரையே தாயென்று பின்தொடர்ந்தன. நாலு நாள் தாமதித்துக் கழற்றியபோதோ, அவரைக் கண்டு பயந்து ஓடின. அதைப் படித்ததும் தம்பியின் வயதை விரல்விட்டு எண்ணினேன்.

உண்மையா என்று பார்க்க, என் வெள்ளைக் காலுறையை வெட்டித் தொப்பி தைத்து அன்று பொரித்த மூன்று குஞ்சுகளுக்குப் போட்டேன். இரண்டாம் நாள் கழற்றிய நேரம் பார்த்து, வேலைக்கு வராதவர்களைத் தேடி, தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி ஐயா வாசலுக்கு வந்தார். குஞ்சுகள் என்னைப் பார்க்கவில்லை. அவர் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தன. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம் வரை அவர் பின்னாலேயே போயின. "ஐயா, எப்பங்க அடையில உக்காந்தீங்க?" என்று கொழுந்தெடுக்கும் அக்காமார் சிரிக்க, "யாரு வேல இது?" என்று அவர் கத்த, தாய்க்கோழி பறந்துபோய் அவர் காலைக் கொத்தியது. குஞ்சுகளைத் தூக்கி வந்துவிட்டேன். ஆனாலும் அவருடைய குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பித்தான் கத்துகின்றன.

ஆகவே தம்பிக்கான காலம் கடந்துவிட்டது என்பது என் முடிவு. நீங்கள் இப்போது வந்தாலும் சித்தியின் பின்னால் ஒளிவான், இரண்டு வருடம் கழித்து வந்தாலும் ஒளிவான். அவசரமில்லை. கையெழுத்துப் போடுங்கள்.

அப்பாவின் அன்பும், சித்தியின் விசாரிப்பும், தம்பியின் முத்தமும் (கெஞ்சித்தான் வாங்கினேன்).

உங்கள் மகள்
பிரேமினி

பி.கு.: மீனம்மா அக்கா பெட்டி கட்டிவிட்டார், வேறு தாளில் எழுத நேரமில்லை. மேலே உள்ளதை விட்டுவிடுங்கள். தம்பி ஓடினால் நான் பிடித்துத் தருகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. எனக்கு நீங்கள் வேண்டும்.