எல்லை தாண்டிய மின்சாரம்

பன்னிரண்டு நாடுகளைக் கட்டி ஆண்ட பேரரசு ஒன்றில் மலைநாடு என்றொரு மூலை இருந்தது. அங்கே அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஆற்றுத் தண்ணீரை மேட்டு ஊர்களுக்கு ஏற்றிக் குடித்தார்கள். மின்வாரியத் தலைவி செங்கமலத்துக்கு அந்தத் தண்ணீர் ஏறினால் போதும். வேறு பெருமை வேண்டாம்.

மிஞ்சிய மின்சாரத்தை ஒரு கம்பியில் தலைநகருக்கும் கொடுத்தார்கள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. மலைநாட்டு மின்சாரம் முழுவதும் தனக்கே கட்டுப்பட்டது என்று பேரரசு வழக்குப் போட்டது.

"குளத்தில் ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரைத் தனியே பிரிக்க முடியுமா?" என்று கேட்டார் தலைமை நீதிபதி.

முடியாது என்றாள் செங்கமலம்.

"எனவே எல்லை தாண்டும் மின்சாரமும், தாண்டக்கூடிய மின்சாரமும், தாண்ட நினைக்கும் மின்சாரமும் பேரரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை."

"அப்போ தலைநகர் மின்சாரத்துலயும் எங்களுது கலந்திருக்குமே, ஐயா?"

"தீர்ப்பு ஒரு பக்கமாகத்தான் பாயும்" என்றார் நீதிபதி, கொஞ்சமும் சிரிக்காமல்.

மறுவாரமே மின்னொழுங்கு மந்திரி வந்து இறங்கி, சுவிட்ச் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அரண்மனைப் பூங்காவின் நீரூற்று ஆடி ஓய்ந்த பிறகே மலைநாட்டு மோட்டார் ஓடலாம் என்று ஆணை வந்தது. நீரூற்று ஓயவே இல்லை. தண்ணீர் வராத குழாய்களுக்குப் பேரரசின் வண்ணம் பூச வேண்டும் என்பது அடுத்த ஆணை. பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கினார்கள். நிறைமாதக்காரி ஒச்சம்மா பாறையில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தப்பியது தெய்வாதீனம். அன்றைக்கு வந்த கோபம் செங்கமலத்துக்குத் தணியவே இல்லை. பிள்ளை பிறந்த சில நாளில் ஊரைக் கூட்டிக்கொண்டு போய், அருவி மதகை அடைக்கச் சொன்னாள்.

"இது ராஜத்துரோகம்" என்றார் மந்திரி.

"தீர்ப்ப நல்லாப் படிச்சுப் பாத்தேங்க. மின்சாரம் உங்களுது, சரி. எடுத்தே ஆகணும்னு அதுல எங்கயும் எழுதல."

"உங்கள் நாடே இருண்டுவிடும்."

கைக்குழந்தையோடு நின்ற ஒச்சம்மா சொன்னாள்: "எங்களுக்கு இனிமே இருட்ட என்ன இருக்கு? நீங்க அடைங்கக்கா."

மதகு இறங்கியது. தலைநகர் இருண்டது. நீதிமன்றம் அவசரமாகக் கூடி, எல்லை தாண்டி வந்த இருட்டும் பேரரசுக்கே சொந்தம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்ப்பை வாசிக்கத்தான் வெளிச்சம் இல்லை.

மந்திரி சாவியை எடுத்துக்கொண்டு தானே மலையேறி வந்தார். தீர்ப்பு வாசிக்கும் அளவுக்காவது மின்சாரம் வேண்டும் என்றார், மிகுந்த கண்ணியத்தோடு.

செங்கமலம் சாவியை வாங்கிக்கொண்டு, மதகைத் திறக்கச் சொல்லி, மோட்டாரைப் போட்டாள்.

"உக்காருங்க. மொதல்ல எங்க ஊருக்குத் தண்ணி ஏறட்டும்" என்றாள். "மிஞ்சினா பாக்கலாம்."