கை வைக்கக் கூடாது

நாலு தலையணை, இரண்டு குக்கர், கவிழ்த்துப் போட்ட அண்டா, அதன் உச்சியில் மாமியாரின் மருந்துப் பெட்டி. இந்த மலையில் முக்கால்வாசி ஏறிய குட்டி வண்டி, ஏதோ யோசிப்பதுபோல் ஒரு நொடி நின்றது. பிறகு மல்லாந்து உருண்டு, மாமியாரின் காலருகே வந்து, நான்கு சக்கரங்களையும் தூக்கிக்கொண்டு கிடந்தது.

“செத்துடுச்சா?” என்று மாமியார் ஆர்வமாகக் கேட்டார்.

“சாகல அத்தை. கவுந்திருக்கு.”

“பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை ரிமோட்டை நாற்காலியில் வைத்தார். தண்ணீர் பம்புக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் மேல்மாடிக் கிடங்கு அவர் பொறுப்பு. அதனால் ஆபீசில் அவர் மேல்மாடிக்காரர். கீழ்க் கிடங்கைப் பார்ப்பவர் கீழ்மாடிக்காரர். ‘மேல்மாடி காலி’ என்ற நகைச்சுவையை யாராவது ஒருவர் தினமும் புதிதாகக் கண்டுபிடிப்பார். இவரும் அன்றுதான் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார். வாங்குகிற சம்பளத்தில் அதுவும் அடக்கம்.

இப்போது அந்தச் சிரிப்பு வரவில்லை. சரக்கைக் கவனிக்கக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இரண்டு மாடிக்கும் ஒரே ஆள் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எந்த ஆள் என்பதை மேனேஜர் முடிவு செய்யவேண்டும். மேனேஜரோ, கடித்த எறும்பைத் தட்டிவிட்டு அதன் குடும்பத்தை நினைத்துக் கவலைப்படுகிற மனிதர். கொஞ்ச நாளாக இரண்டு மாடிக்காரர்களையும் கண்டாலே கண் கலங்கி, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கு உலகத்தில் இருந்த ஒரே சந்தோஷம், ரிமோட்டில் பாறை ஏறும் வண்டிகள். அவை பறக்கிற வண்டிகள் அல்ல. பின்னால் வரும் ஆமை ஹாரன் அடிக்கும், அந்த வேகம்தான். திடீரென்று ஒருநாள், ஆபீசுக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த பாறைகளில் சனிக்கிழமை போட்டி என்று அறிவித்தார். போட்டியாளர்கள் மேல்மாடியும் கீழ்மாடியும் மட்டும். ஆளுக்கு ஒரு வண்டியைத் தன் அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்து, வீட்டில் பழகச் சொன்னார்.

“போட்டியப் பாத்துட்டுத்தான் முடிவு எடுக்கப் போறாராம்,” என்று மேனேஜரின் டிரைவர் காதோடு காதாகச் சொன்னார். “கார்ல வரும்போது புலம்பினாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கண்ணே.”

அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள் அடுப்பில் இல்லை. மலையில் இருந்தன.

“ஏங்க,” என்றாள் மனைவி, “வேலை போகாம இருக்கணும்னா வேலைய ஒழுங்கா செய்யலாம்னு அந்த ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?”

“அதெல்லாம் அந்தக் காலம்.”

முன்பக்கம் கனமில்லாததால்தான் வண்டி மல்லாந்து விழுகிறது என்று பொம்மைக் கடைக்காரர் சொன்னார். திரைச்சீலையின் கீழ்விளிம்பில், அது பறக்காமல் இருக்கத் தைத்திருந்த ஈயக் குண்டுகளை மேல்மாடிக்காரர் உருவி, முன்சக்கரங்களுக்குள் அடைத்தார். வண்டி மல்லாந்து விழவில்லை. கனம் போன திரைச்சீலை காற்றில் எழும்பி, அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்து, பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி அணைப்பதற்குள் பாதி போய்விட்டது.

“எதிர் வீட்டுல எல்லாரும் ஜன்னல்ல நிக்கிறாங்க,” என்றாள் மனைவி.

“தீயப் பாக்கவா?”

“தீ அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு. நீங்க தரையில தவழறதப் பாக்கறாங்க.”

கனத்த சக்கரங்களைத் திருப்பமுடியாமல் ஸ்டியரிங் மோட்டார் புகைந்து உயிரை விட்டது. வலுவான மோட்டாராகப் பார்த்து மாட்டினார். அது பேட்டரியை உறிஞ்சித் தள்ளியது. பெரிய பேட்டரி வாங்கினார். அதை வைக்க உள்ளே இடமில்லாததால் வண்டியின் கூரைமேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். தலைக்கனம் ஏறிய வண்டி இப்போது பக்கவாட்டில் கவிழ்ந்தது. ஏறினாலும் கவிழ்ந்தது, இறங்கினாலும் கவிழ்ந்தது, சும்மா நிற்கும்போது மாமியார் தும்மினாலும் கவிழ்ந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் அவரும் மல்லாந்து படுத்துவிட்டார்.

“இவருமா?” என்றார் மாமியார்.

மனைவி அருகில் வந்து உட்கார்ந்தாள். “நெசமாவே வேற எங்கயும் வேலை கெடைக்காதா?”

“பம்பு வாஷர் எந்தத் தட்டுல இருக்குன்னு எனக்குக் கண்ண மூடிட்டுச் சொல்லத் தெரியும். அது அந்த ஒரு மாடியிலதான் செல்லும்.”

யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வாடகை, மாமியாரின் மாத்திரை, அடுப்பில் இல்லாத அந்த அண்டா எல்லாமே அந்த மாடியின் மேல்தான் நின்றிருந்தன. அந்த வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

மாமியார் பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதாவது, ரிமோட்டின் மேல் உட்கார்ந்தார். கவிழ்ந்து கிடந்த வண்டி, மல்லாந்த கரப்பான்போல் சக்கரங்களை உதறியது, துடித்தது, குக்கர் விளிம்பில் ஒரு சக்கரத்தை முட்டுக் கொடுத்து எக்கியது. சடாரென்று நிமிர்ந்து நின்றது.

மேல்மாடிக்காரரும் எழுந்து உட்கார்ந்தார். “அத்தை, அசையாதீங்க! எந்தப் பொத்தான் மேல உக்காந்திருக்கீங்க?”

“அதையெல்லாம் மாப்பிள்ளைகிட்ட எப்படிப்பா சொல்றது?”

அதன்பிறகு மேல்மாடிக்காரர் விழாமல் இருக்கப் பழகவில்லை. எழப் பழகினார்.

சனிக்கிழமை காலை மேனேஜர் பாறைகளில் ஜோடி ஜோடியாகக் கொடி நட்டிருந்தார்.

“ஒவ்வொரு ஜோடிக் கொடிக்கும் நடுவுல போகணும். கொடியில இடிச்சா ஒரு புள்ளி. கவுந்தா ரெண்டு. கையால தொட்டுத் தூக்கினா பத்து. யாருக்குப் புள்ளி கம்மியோ அவருதான் ஜெயிச்சவரு.” கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

கீழ்மாடிக்காரர் முதலில் இறங்கினார். வண்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முதல் பாறையிலேயே அது சாய்ந்தது.

“ஐயோ, என் ராசா!” ஓடிப்போய்த் தூக்கி, கர்ச்சீப்பால் துடைத்தார்.

“கை வைக்கக் கூடாதுங்க.”

“தெரியும் சார். கண்ணு முன்னாடி விழுந்து கெடக்கும்போது எப்படி சார் சும்மா நிக்கறது?”

அடுத்த பாறையிலும் தூக்கினார். அதற்கடுத்ததிலும் தூக்கினார். கடைசிக் கொடிகளுக்கு நடுவில் வண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரே நடந்து போனார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மேல்மாடிக்காரர். வண்டி எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் காலை உதறி, கல்லில் முட்டுக் கொடுத்து, தானே நிமிர்ந்தது. கடைசிப் பாறையில் மட்டும் ஒரு பிளவுக்குள் தலைகீழாகச் சொருகிக்கொண்டது. சக்கரங்கள் வெறும் காற்றில் சுற்றின. மோட்டாரிலிருந்து கருகல் வாசனை வந்தது.

“போதும்ங்க,” என்றார் மேனேஜர். “பாக்கவே பாவமா இருக்கு. கை வெச்சுத் தூக்கிடுங்க.”

தூக்கியிருக்கலாம். தூக்கினாலும் கீழ்மாடியைவிடப் புள்ளி குறைவுதான். ஆனால் வேலை போகிற இடத்தில் வெறுமனே ஜெயித்தால் போதுமா? மனதில் பதியும்படி ஜெயிக்கவேண்டாமா?

“வேணாம் சார். எங்களுக்கு யார் கையும் வேணாம். விழுந்தா நாங்களே எந்திரிச்சுக்குவோம். வண்டியும் சரி, நானும் சரி.”

மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார்.

மேல்மாடிக்காரர் ரிமோட்டை முறுக்கினார். முன்னே, பின்னே, முன்னே. ஈயம் அடைத்த சக்கரம் ஒன்று பிளவின் ஓரத்தைக் கவ்வியது. வண்டி ஒருமுறை சிலிர்த்து, புரண்டு, நிமிர்ந்து, புகையோடு கடைசிக் கொடிகளைத் தாண்டி நின்றது.

மேனேஜர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “இன்னைக்குத்தாங்க நான் நிம்மதியாத் தூங்கப் போறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி ஆபீசுக்குள் போனார்.

மேல்மாடிக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். “ஜெயிச்சுட்டேன்!”

“அப்போ அண்டாவ அடுப்புல வைக்கலாமா?”

“தாராளமா வை. அத்தைகிட்டயும் சொல்லு.”

பாறைமேல், வண்டியை மடியில் வைத்துத் தடவியபடி கீழ்மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சங்கடமாக இருந்தது. மேல்மாடிக்காரர் அவர் தோளைத் தட்டினார். “மனச விட்டுடாதீங்க. வெளிய போனா எவ்வளவோ வேலை இருக்கு.”

கொடிகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்த டிரைவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். “ரொம்ப நன்றிண்ணே. நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலேன்னா நான் இவ்வளவு பழகியிருக்கவே மாட்டேன்.”

டிரைவர் அவரையும், பாறைமேல் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னண்ணே சொல்றீங்க? ‘ரெண்டு பேர்ல, விழுந்தா தானா எந்திரிக்கிறவன் யாருன்னு பாத்து, அவன வீட்டுக்கு அனுப்பினாத்தான் எனக்குப் பாவம் சேராது’ன்னுதானே சார் இந்தப் போட்டியே வெச்சாரு!”