கீழ்வீட்டு ரபீகாவை எழுப்பப் போட்ட வழக்கு

கட்டுக்கலைப் பிள்ளையார் துணை

மஹய்யாவ, கண்டி.
11.10.1994

ஹேவாஹெட்டயில் தோட்டத்துப் பெரிய கிளாக்கராகச் சகல மரியாதைகளோடும் விளங்கும் அன்பு மைத்துனர் பெரியதம்பி அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவன் அழகமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா இரத்தினம்மாவும், என் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் மழைக்கும் அட்டைக்கும் தப்பிச் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நீங்கள் தேடித் தந்த சட்டத்தரணி பசுபதிப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் எழுதாமல் பதினெட்டு மாதம் பொறுத்திருந்தேன். நேற்றோடு பொறுமை முடிந்துவிட்டது. மகள் யசோதா இரண்டு வருடமாக மாற்றல் கேட்டு, வருகிற தை மாதம் பதுளையிலிருந்து மாற்றலாகி, மாப்பிள்ளையோடும் இரட்டைப் பிள்ளைகளோடும் கண்டிக்கு வருவது உங்களுக்குத் தெரியும். மேல்மாடியில் நாங்கள் இரண்டு பேர் இருப்பதே ஒருவர் எழும்பினால்தான் மற்றவர் நடக்கலாம் என்கிற கணக்கில். எங்களுடைய கீழ்வீட்டில் ஒன்பது வருடமாக ரபீகா வாடகைக்கு இருக்கிறார். கணவன் இல்லாத மனுசி, இடியப்பம் அவித்து விற்றுப் பிழைப்பவர். அவரிடம் போய் வீட்டை விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நகரசபைத் தண்ணீர்ப் பகுதியில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராக வேலை செய்தவன் நான். எத்தனையோ பேருடைய குழாயை வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன், ஒருவருடைய முகத்தையும் பார்த்துச் சொன்னதில்லை. அதனால்தான் லோயர்.

லோயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விசாரித்தார். "வாடகை ஒழுங்காத் தாறாவோ?" முதலாம் திகதி நான் பல் துலக்குமுன் தந்துவிடுவார் என்றேன். "அது கரைச்சல். வீட்டை ஏதும் பழுதாக்கினவவோ?" குரங்கு உடைத்த குசினிக் கூரை ஓடுகளை அவரே ஆள் பிடித்து மாற்றினார் என்றேன். லோயர் பேனையை மூடி வைத்தார். "அண்ணை, நீங்கள் ஆருக்கு எதிரா வழக்குப் போட வந்தனீங்கள்?" மகளுக்கு வீடு வேண்டும் என்பதையே சொல்லலாமே என்று கேட்டதற்கு, "சொந்தத் தேவை எண்டு போட்டால் உங்கட பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை இழுபடும். தொல்லை எண்டு போடுவம். நாளாந்தம் என்ன தொல்லை தாறா எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. மற்றது, அவவோட வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. கதைச்சால் அது சாட்சியாப் போகும்" என்றார்.

முதலில் அறிவித்தல் அனுப்பினார், பதிவுத் தபாலில், இங்கிலீசில். அது வந்த நாளே ரபீகா அதை எடுத்துக்கொண்டு மேலே என்னிடம்தான் வந்தார். குடிவந்த நாளிலிருந்து அவருக்கு வருகிற கடிதமெல்லாம் நான்தானே வாசித்துச் சொல்வது. "கிளாக்கர் ஐயா, ஏதோ பெரிய எடத்துக் கடிதம் போல ஈக்கு, கொஞ்சம் பாருங்க" என்றார். நான் கண்ணாடியைத் தேடினேன். அது என் மூக்கில்தான் இருந்தது. வீட்டை விட்டு உங்களை எழும்பச் சொல்லி ஒரு லோயர் எழுதியிருக்கிறார் என்றேன். "யார்ட லோயர்?" என்னுடைய லோயர் என்றேன். "அப்ப நான் என்ன செய்யணும்?" நீங்களும் ஒரு லோயரைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, நல்ல லோயர் ஒருவரின் விலாசமும் எழுதிக் கொடுத்தேன். "நான் என்ன குத்தம் செஞ்ச ஐயா?" என்று கேட்டார். அதைப் பேச எனக்கு அனுமதி இல்லை என்றேன். உங்கள் அக்காவோ வெட்கத்தில், கீழே போனால் வழக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு வருவாள்.

பிறகு கொப்பி. தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, ஒழுங்காகக் கோடு போட்டு, திகதி வாரியாக எழுதினேன். நாலரை மணிக்கு மா வறுக்கிற வாசனை மேலே வந்தது, நித்திரை குழம்பியது, பசித்தது என்று ஒரு நாள். தட்டில் இடியப்பமும் சொதியும் வந்தது, இது வழக்கைக் கலைக்கும் முயற்சியாக இருக்கலாம், சொதிக்கு உப்பு அளவு என்று இன்னொரு நாள். இரத்தினம்மா கீழே போனவள் இரண்டு மணித்தியாலமாகத் திரும்பவில்லை, இருவரும் சிரிக்கிற சத்தம், என்ன விசயம் என்று தெரியாததால் மனவுளைச்சல் என்று மற்றொரு நாள். லோயர் வாசித்துப்பார்த்து, "இது போதாது, நானே ஒருக்கால் இடத்தைப் பார்க்கவேணும்" என்று ஒரு சனிக்கிழமை காலை வந்தார். தொல்லையை நேரில் ஆராய்வதற்காகக் கீழே போனவர் முக்கால் மணி கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். பதினான்கு இடியப்பம் என்று பிற்பாடு உங்கள் அக்கா விசாரித்துச் சொன்னாள். கையில் ஒரு பார்சலும் இருந்தது. "நான் சாப்பிட்டது தனிப்பட்ட முறையில. வழக்கு வேற" என்றார். அதற்குப் பிறகு மாதம் இரண்டு சனிக்கிழமை இடம் பார்க்க வந்தார்.

என் முழங்கால் கதையையும் எழுத வேண்டும். போன மாதம் உங்கள் அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம், குளியலறையில் சவர்க்காரத்தில் கால் வைத்து விழுந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை, கூப்பிடவும் மூச்சு வரவில்லை. தலைக்கு மேலே கேட்ட சத்தத்தில் ரபீகா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, கதவைத் தோளால் இடித்துத் திறந்து, என் மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி, முச்சக்கரவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்கு எக்ஸ்ரே எடுத்து முடியும்வரை மாக் கையோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் வைத்த இடியப்பம் ஐம்பதும் அன்று தண்ணீர் வற்றிக் கருகிப்போனதாம். வீட்டுக்கு வந்ததும் கடமை தவறக்கூடாதே என்று கொப்பியை எடுத்து, "ஞாயிறு: எதிராளி அனுமதியின்றி மேல்மாடிக்குள் நுழைந்து கதவை உடைத்தார்" என்று குறித்து வைத்தேன். லோயர் அதைப் பார்த்து, இப்போதுதான் வழக்குக்கு எலும்பு வந்திருக்கிறது என்று மகிழ்ந்தார்.

நேற்று விசாரணை. ரபீகாவின் சட்டத்தரணி ஒரு சிங்களப் பெண்மணி, நான் விலாசம் கொடுத்தவர்தான். என்னைக் கூண்டில் ஏற்றி, கொப்பியைக் கையில் தந்து, உரக்க வாசிக்கச் சொன்னார். நான் தமிழில் வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். சொதிக்கு உப்பு அளவு என்ற இடத்தில் அவர் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. நீதிபதி குனிந்து எதையோ எழுதுவதுபோல இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அந்தப் பெண்மணி, "அனுமதி ஏன் கேட்கவில்லை?" என்று கேட்டார். நான் குளியலறையில் விழுந்து கிடந்தேன் என்றேன். "அனுமதி கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா?" கொடுத்திருப்பேன், ஆனால் மூச்சு வரவில்லை என்றேன். எங்கள் லோயர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது நீதிபதி பேனையை வைத்துவிட்டு, "உங்களுக்கு உண்மையாகவே என்னதான் வேண்டும்?" என்று நேராகக் கேட்டார். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன், என்ன செய்வது மச்சான், யசோதாவையும் இரட்டைப் பிள்ளைகளையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். ரபீகா எழும்பி நின்று என்னையே பார்த்தார். வழக்குத் தள்ளுபடி. வெளியே வந்ததும் லோயர், "அண்ணை, உங்களைப் பொய் சொல்லச் சொல்லி நான் ஒருநாளும் கேக்கயில்லை. ஆனா இவ்வளவு உண்மையும் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மைத்துனர் அவர்களே, நான் இதை இப்படியே விடுவதாக இல்லை. மேன்முறையீடு செய்யப்போகிறேன். அதற்கு இடியப்பம் சாப்பிடாத லோயர் ஒருவரை, கம்பளைப் பக்கமோ நாவலப்பிட்டிப் பக்கமோ பார்த்து உடனே எழுதவும். யசோதாவுக்கென்று வாங்கி உங்கள் வீட்டில் வைத்திருக்கிற அலுமாரியும் கட்டிலும் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கட்டும். ரபீகா இந்த வீட்டை விட்டுப் போகும்வரை எனக்கு நிம்மதி கிடையாது என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். உங்கள் அக்கா உங்களுக்குச் சளி எப்படி என்று கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
ம. அழகமுத்து

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது ரபீகா மேலே வந்தார். "யசோதா புள்ளக்கி எடம் வேணும்டு நேத்துத்தானே கேள்விப்பட்ட. ஒரு வார்த்த சொல்லி ஈந்தா எப்பவோ போயீப்பேனே ஐயா" என்றார். திகனயில் அவருடைய தம்பி மக்கீனின் வீட்டோடு ஒரு பகுதி சும்மா கிடக்கிறதாம். வருகிற முதலாம் திகதி போகிறாராம், அதற்கு முன் கீழ்வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருவாராம். மிகவும் சந்தோசம் என்று சொன்னேன். அவர் இறங்கிப் போனதிலிருந்து உங்கள் அக்கா குசினியில் உட்கார்ந்து அழுகிறாள், அடுப்பும் மூட்டவில்லை. எனக்கும் எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. ஆகவே மேன்முறையீடு வேண்டாம். ஆனால் லோயரை மட்டும் தேடுங்கள். குடியிருக்கிறவர் வீட்டை விட்டுப் போகாமல் தடுக்கச் சட்டத்தில் ஏதாவது இடம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டு, முதலாம் திகதிக்கு முன் தந்தி அடிக்கவும். யசோதாவுக்கு நான் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.