செயலாளர் வீட்டுக் கதவு வளையம்

துணி மாட்டும் கம்பி ஹேங்கர் வட்டமாக வளைய மாட்டேன் என்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதை முழங்காலில் வைத்து அழுத்தினார். முட்டை வடிவத்துக்கு வந்து, அதற்கு மேல் அது அசையவில்லை.

குளிர்காலத்துக்கு எல்லா வீட்டுக் கதவிலும் இலையும் பூவும் வைத்த அலங்கார வளையம் தொங்க வேண்டும், கடையில் வாங்கக் கூடாது, வீட்டில் கிடக்கும் பொருள்களில்தான் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டவரே அவர்தான். பால்கனியில் துணி காயப்போடத் தடை, லிஃப்டில் பேசத் தடை என்ற வரிசையில் இது கடைக்குட்டி. முன்மாதிரி வளையம் தன் வீட்டுக் கதவில்தான் தொங்கும் என்று சவடாலும் விட்டிருந்தார். சாயங்காலக் கூட்டத்துக்குள் முடித்தாக வேண்டும்.

இலைக்காகப் பழைய பச்சைத் திரைச்சீலையை வெட்டினார். அது பழையதே இல்லை என்று வெட்டிய பிறகு மனைவி சொன்னாள். பசை தீர்ந்திருந்ததால் மைதாவைக் காய்ச்சி ஒட்டினார். அது கட்டிதட்டி, இலையெங்கும் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. திட்டை மறைக்க டிஷ்யூ காகிதத்தில் வெள்ளைப் பூக்கள் செய்து அப்பினார். கோணலை மறைக்க, கிழிந்த குடைத் துணியில் கறுப்பு ரிப்பன் கட்டினார்.

மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "யாரோ போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கு."

அவளுக்கு ரசனை போதாது என்றார். ஆனாலும் உறுத்தியது. நடுவில் ஒரு சிரித்த முகம் இருந்தால் களைகட்டிவிடும் என்று தோன்றியது. அந்த வீட்டில் சிரித்தபடி இருந்த ஒரே படம் அவருடையதுதான். அதைப் பொருத்தினார். முகம் இருட்டாகத் தெரிந்ததால் அடியில் ஒரு சின்ன பல்பையும் எரியவிட்டார்.

மனைவி அதை ஏற இறங்கப் பார்த்தாள். கூட்டத்தில் இடம் பிடிக்கக் கீழே போய்விட்டாள்.

செயலாளர் வளையத்தைக் கதவுக்கு வெளியே மாட்டிவிட்டு, உள்ளே வந்து கதவை மூடிக்கொண்டு, அதிலிருந்த துளையில் கண்ணை வைத்தார். மேல்வீட்டுப் பல் டாக்டர் வந்து நின்று, மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; தோள் குலுங்கியது. அடுத்தடுத்து வந்தவர்கள் தலைகுனிந்து நின்று, கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தார்கள். கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று செயலாளருக்கு நெஞ்சு விம்மியது.

பெரிய மனிதர் தாமதமாகத்தான் வர வேண்டும் என்பதால் கூட்டத்துக்குத் தாமதமாகவே போனார். அவருடைய நாற்காலியில் பல் டாக்டர் உட்கார்ந்து, மறைந்த செயலாளரின் இடத்துக்குத் தன்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பூ, கறுப்பு ரிப்பன், படம், பல்பு. செயலாளருக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அது வெறும் அலங்காரம், தான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன் என்று பதறிப் பதறி விளக்கினார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

டாக்டர் வருத்தப்பட்டார். "ஆனா, நிறைவேத்தின தீர்மானத்தை மாத்தக் கூடாதுங்கறது நீங்க இருந்தப்போ போட்ட விதியாச்சே."

வாசலில் நின்ற காவலாளியின் கையைச் செயலாளர் பிடித்துக்கொண்டார். "ஒரு மனுஷன் உயிரோட இருக்கானா இல்லையான்னு கூடவாப்பா இவங்களுக்குத் தெரியல?"

"தெரிஞ்சுதான் சார் எல்லாரும் கை தூக்கினாங்க. முதல்ல தூக்கினது உங்க வீட்டம்மா."