நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்

அன்புள்ள பெய்-ஜென் அக்காவுக்கு,

யாருமே உட்காராத நாற்காலியில் ஒருவர் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தபால் செலவு மிச்சம். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்: அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம், கீலுங்கில் வழக்கம்போல மழை, துணி காயவில்லை.

என் கணவர் குவோ-துங் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லா ஆண்களையும் போல மீன் பிடிக்கப் போவார் என்று நினைத்தேன். அவர் டப்பாக்களில் ஓட்டை போட ஆரம்பித்தார். பிஸ்கட் டப்பாவின் உள்ளே கறுப்பு வண்ணம் அடித்து, ஊசியால் பக்கவாட்டில் ஒரு துளை குத்தி, எதிர்ப்பக்கம் பிலிமை ஒட்டி, துளையைக் கறுப்பு நாடாவால் மூடினால் அதுதான் கேமரா. லென்ஸ் கிடையாது. காற்றில் ஆடாமலிருக்க டப்பாவுக்குள் அடியில் கூழாங்கற்கள். நாடாவை எடுத்துவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நடமாடுகிற எதுவும் படத்தில் தங்காது. கப்பல்கள் பனியாகக் கரைந்து, ஆளே இல்லாமல், காய்ச்சலில் பார்த்த துறைமுகம் போல ஒன்று வரும். நான் இயற்பியல் ஆசிரியை, அது எப்படி வருகிறது என்று புரிகிறது. அதை எதற்காக ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

போன வாரம் வாசலில் இறந்தவர்களுக்கான ஏழாம் மாதப் படையல். அவர்களைக் குறிக்கும் அந்த வார்த்தையை நான் எழுதமாட்டேன், அத்தை கடிதத்தைக்கூட மோப்பம் பிடிப்பார். பாதாள வாசல் திறந்து வெளியே வந்திருக்கும் ஆதரவற்ற இறந்தவர்களை எல்லோரையும் போல நானும் நல்ல அண்ணன்மார் என்றே சொல்கிறேன். அவித்த கோழி, நூடுல்ஸ் பொட்டலங்கள், பீர், அவர்கள் முகம் கழுவத் தண்ணீரும் துண்டும், எல்லாம் வைத்தாயிற்று. அவசரத்தில் அத்தை சமையலறை அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாக்களோடு தன் மகனின் கேமரா டப்பாவையும் தூக்கி வந்து மேசைக் கோடியில் வைத்துவிட்டார். கல் இருந்ததால் கனமும் சரியாக இருந்தது. ஒவ்வொரு பண்டத்திலும் ஓர் ஊதுபத்தி செருக வேண்டுமில்லையா, தகரத்தில் எங்கே செருகுவது? பக்கத்தில் நாடா தெரிந்தது, உரித்தார், துளை தெரிந்தது, ஊதுபத்தி நுழையவில்லை, அதே நாடாவால் ஊதுபத்தியை மூடிமேல் ஒட்டி வைத்துவிட்டார். குவோ-துங் மாடியில் அந்த டப்பாவைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஊதுபத்தி எரிந்து முடிந்த பிறகு இறங்கி வந்தார். அப்போது பக்கத்துக் கடையில் மீன் உருண்டை சூப் விற்கும் லியாவ் அம்மா தன் பங்கை எடுக்க மூடியில் கை வைத்திருந்தார்.

"திறக்காதீங்க!"

"ஒரு பிஸ்கட்டுக்கு இந்தக் கத்தா கத்துவே? நாளைக்கு சூப்புக்கு வருவேல்ல, பாத்துக்கறேன்."

"உள்ள பிஸ்கட் இல்லக்கா. பிலிம். அப்புறம் கல்லு."

அத்தை ஓடி வந்தார். "கல்லா? அவங்களுக்குக் கல்லையாடா படைச்சேன்?"

இது முதல் குழப்பம். குவோ-துங் குளியலறையை இருட்டாக்கி பிலிமைக் கழுவினார். இரண்டாவது குழப்பம் குளியல் தொட்டிக்கு மேலே கொடியில் தொங்கியது. மேசை இருந்தது. ஊதுபத்திப் புகை ஓர் ஆறு போல இருந்தது. எங்களில் ஒருவரும் இல்லை. ஆனால் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர், முகம் தெரியவில்லை, கனமாக, முன்பக்கம் சாய்ந்து, எதன் மீதோ மோவாயை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அத்தை பல் தேய்க்கப் போனவர் அலறியது துறைமுகம் வரை கேட்டிருக்கும். அன்றிலிருந்து விளக்கை எரியவிட்டுப் படுக்கிறார், ஆனாலும் தூங்குவதில்லை. பிஸ்கட் கிடைக்காத அண்ணன் இன்னும் இங்கேதான் இருக்கிறாராம். நாளை பிஸ்கட் நிரம்பிய டப்பாவோடு மன்னிப்புப் படையல், பிலிமையும் படத்தையும் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பணத்தோடு சேர்த்து எரித்துவிட வேண்டும் என்கிறார். ஆனால் தைபேயில் ஒரு கலைக்கூடத்தில் இதே படத்தைப் பார்த்துவிட்டு நடுச்சுவருக்குக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே ஒருவர் குவோ-துங்கிடம் படம் கேட்பது இதுதான் முதல் தடவை.

"நீ படிச்சவ. நீயே சொல்லு, யாரு அது?" என்கிறார் அத்தை. உயிரோடிருக்கும் ஆள் என்று நான் நிரூபித்தால் எரிக்கமாட்டாராம். விசாரித்தேன். லியாவ் அம்மா வாடிக்கையாளரோடு சண்டையில் இருந்தார். நான் குடையோடு அலைந்துகொண்டிருந்தேன். அத்தை முழு நேரமும் கைகூப்பி நின்றதில் இடுப்பே போய்விட்டது என்று தினமும் சொல்கிறார். கரையாமல் பதிய வேண்டுமென்றால் அந்த ஆள் அவ்வளவு நேரமும் அசையாமல் இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் கிடையாது. என் பட்டத்தால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

அதனால் எரித்துவிடலாம் என்று சற்றுமுன் சொல்லிவிட்டேன். அத்தை தூங்க வேண்டும். குவோ-துங் "சரி, எரிச்சிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளியல் தொட்டியைத் தேய்க்கப் போனார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. என் முடிவு சரியென்றே வைத்துக்கொள். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் வீட்டுப் பக்கத்து வெயிலில் கொஞ்சம் இந்தப் பக்கமும் வரட்டும்.

இப்படிக்கு, உன் தங்கை,
பெய்-யூன்

பின்குறிப்பு: கடிதத்தை நேற்று ஒட்டவில்லை, பசை ஈரமாகிவிட்டது. நல்லதாயிற்று. இன்று நடந்தது இது. நிரம்பிய டப்பாவைத் திறந்து வைத்து, ஊதுபத்தி ஏற்றி, அத்தை கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு, "ரெண்டே நிமிஷம்," என்று ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் குடையை முன்னால் ஊன்றி, அதன் பிடிமேல் மோவாயை வைத்தார். அடுத்த நிமிடமே குறட்டை. குவோ-துங் காகிதப் பணம் எரிக்கும் தொட்டிக்கு மேலே படத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். லியாவ் அம்மா அத்தையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அட, அந்த அண்ணன் நம்ம அக்காதானா!"

யாரும் எழுப்பவில்லை. ஊதுபத்திகள் அணைந்ததும் அவரே விழித்து, "பாத்தீங்களா, இன்னிக்கு யாரும் வந்து உக்காரல," என்றார். நான் படத்தை அவர் கையில் கொடுத்து, குடையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நான் நின்னுட்டுதான் இருந்தேன்," என்றார். பிறகு, "ஆனா பாத்தா தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்காரு. தெரிஞ்சவங்களை எரிக்கக் கூடாது. தைபேக்கு அனுப்பு."

படத்தைத் தன் கையாலேயே மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.