மறைமுகக் கட்டணம்: இல்லை

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து வீடு மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தப்புள்ளி கோரி, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, நிபந்தனைகளுக்கு எண் போட்டு, மூன்று நகல் எடுத்து வீடு மாற்றிய மாமனிதர் ஒரே ஒருவர்தான். அவர் வாழும் காலத்தில் நாமும் வாழ்கிறோம் என்பதே நமக்குப் பெருமை.

ஒரு பெரிய அலுவலகத்தில் அவர் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்காமல் வாங்கமாட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'மூணு கொட்டேஷன்' என்று பெயர். கேலிக்காக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

குடியிருந்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் காலி செய்யவேண்டும், அடுத்த நிமிடம் புதுக் குடித்தனம் வந்து இறங்கும் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். புது வீட்டைத் தேடிப் பிடித்தது மனைவி. அதற்கு முன்பணம் கொடுத்ததும் மனைவி. கேக் செய்து விற்றுச் சேர்த்த பணம். இதெல்லாம் சில்லறை விவரங்கள். கண்காணிப்பாளரின் கவனம் முழுவதும் 'மறைமுகக் கட்டணம்' என்ற கொடிய எதிரியின் மேல் இருந்தது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி முதல் கூட்டம் கூடியது. தலைவர்: அவர். உறுப்பினர்கள்: மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள்.

"சாமான் ஏத்துற கம்பெனிக்காரங்க முதல்ல ஒரு தொகை சொல்லுவாங்க. அப்புறம் மாடிப்படிக்கு இவ்வளவு, கயித்துக்கு இவ்வளவு, காத்திருந்ததுக்கு இவ்வளவுன்னு தீட்டிடுவாங்க. நம்ம வீட்டுல அந்தப் பருப்பு வேகாது" என்றார் தலைவர்.

"என்னங்க, கீழ் வீட்டு டீச்சர் போன மாசம் ஒரு மினி வேன்காரரை வச்சு மாத்தினாங்க. ஒரு டம்ளர் உடையலையாம். அவரையே கூப்பிட்டா என்ன?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சவங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தா ஆடிட்ல மாட்டுவோம்."

"நம்ம வீட்டுல யாருப்பா ஆடிட் பண்ணப்போறாங்க?" என்று மகள் கேட்டாள்.

அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் பதிவாகவில்லை.

மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. ஒரு நிறுவனம் ஃபோனிலேயே முழுப் பணத்தையும் அனுப்பச் சொன்னது. அனுப்பமாட்டேன் என்றதும் அந்த எண் இன்றுவரை தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது. அடுத்து வந்தவர் மினி வேன்காரர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தார். படிகளை எண்ணினார். புது வீட்டுக்கும் நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

அங்கேதான் ஓவன் இருந்தது. மனைவி சேமித்து வாங்கிய பெரிய ஓவன், இரண்டு அடுக்கு. முதலில் அது சமையலறையில் இருந்தது. கேக் வாசனையில் கோப்பு பார்க்க முடியவில்லை என்று கண்காணிப்பாளர் புகார் செய்ததால் நடைக்கு மாற்றப்பட்டது. அந்த நடையில் அதைத் தவிர வேறெதுவும் கிடையாது. வெயில் நாளில் அங்கே நின்று வேலை செய்தால் மனைவிக்குத் தலை சுற்றும். அதுவும் எந்தக் குறிப்பிலும் இல்லை.

"அக்கா, இதைத்தான் முதல்ல இறக்கணும். இதுக்கு மட்டும் நாலு பேர் வேணும். புது வீட்டுல இதுக்கான பெரிய பிளக் சமையலறையிலதான் இருக்கு. அங்க வச்சுடலாமா?" என்றார் வேன்காரர்.

மனைவி பதில் சொல்வதற்குள் கண்காணிப்பாளர் குறுக்கிட்டார். "விலைப்புள்ளி?"

வேன்காரர் சட்டைப் பையில் இருந்த பெட்ரோல் ரசீதை எடுத்து, அதன் பின்புறத்தில் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். "மொத்தமே இவ்வளவுதான் சார். மேல எதுவும் கேக்க மாட்டேன்."

"விவரம் எங்க? நிபந்தனைகள் எங்க? முத்திரை எங்க?"

"விவரம் என்ன சார், எல்லாத்தையும் பார்த்துட்டேனே."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: 'விலைப்புள்ளி உரிய படிவத்தில் இல்லை.'

மூன்றாவது நிறுவனத்திலிருந்து டை கட்டிய மேலாளர் ஒருவர் வந்தார். வழவழப்பான காகிதத்தில் பன்னிரண்டு பக்க விலைப்புள்ளி. அட்டையில், 'உங்கள் பொருள் எங்கள் உயிர்' என்று போட்டிருந்தது. எந்த அறைக்குள்ளும் அவர் போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து, "சார் சொன்னா சரிதான்" என்றார். வேன்காரரைவிட நூறு ரூபாய் குறைவு. கண்காணிப்பாளரின் கண்கள் பனித்தன.

பிறகு நடந்தது ஒரு மாபெரும் யுத்தம்.

"படியில ஏறினா தனியா கேப்பீங்களா?"

"வழக்கமா கேப்போம் சார்."

"கூடாது. நிபந்தனை ஒண்ணு. கட்டில் கழட்ட?"

"அதுவும் வழக்கமா..."

"நிபந்தனை ரெண்டு. லாரி வாசல்ல நிக்காம தள்ளி நின்னா, நடந்து வர்ற தூரத்துக்குக் காசு கேக்குறாங்களாமே?"

"சாருக்குத் தெரியாத விஷயமே இல்ல போல."

இப்படி இருபத்தாறு மறைமுகக் கட்டணங்களைக் கண்காணிப்பாளர் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். ஒன்றுக்கும் மேலாளர் முகம் சுளிக்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. 'பட்டியலில் இல்லாத சாமானையும் ஏற்றினோம், கூடக் கொடு' என்று கேட்டால்? அதையும் அடைத்தார். இருபத்தேழாம் நிபந்தனை: 'இணைப்பில் கண்ட பட்டியலில் இல்லாத எந்தப் பொருளையும் நிறுவனத்தின் ஆட்கள் தொடக்கூடாது. பட்டியலில் திருத்தம் தேவைப்பட்டால் ஏழு வேலை நாட்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.'

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். முதல் முறையாக மனதாரச் சிரித்தார். "சார், இப்படி ஒண்ணு எங்களுக்கே தோணல. இதை மத்த கஸ்டமருக்கும் போட்டுக்கலாமா?"

"தாராளமா" என்றார் கண்காணிப்பாளர். ஞானத்தைப் பதுக்கி வைக்கும் குணம் அவருக்கு இல்லை.

பட்டியலுக்கு அலுவலகத்திலிருந்து இருப்புப் படிவம் கொண்டுவந்தார். படிவத்தில் நான்கு பத்திகள்: கூடம், படுக்கையறை ஒன்று, படுக்கையறை இரண்டு, சமையலறை. குளியலறை வாளிகளை, தண்ணீர் சம்பந்தப்பட்டவை என்பதால், சமையலறையில் சேர்த்தார். நடை என்று ஒரு பத்தி படிவத்தில் இல்லை. படிவத்தில் இல்லாத இடம் வீட்டில் எப்படி இருக்கமுடியும்?

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள். அதைக் கூட்டத்தில் அவரே உரக்கப் படித்தார். நாற்பத்தொன்றாம் உருப்படியில் மனைவி எழுந்தாள்.

"எங்க போற?"

"கேக் கருகிடும்ங்க."

'உறுப்பினர் அனுமதியின்றி வெளியேறினார்' என்று குறித்துக்கொண்டு, மிச்சம் இருநூற்று எழுபத்தொன்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினார். மகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையை அன்றுதான் கற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வந்தது. ஆறு லோடுமேன்கள். தலைமை லோடுமேன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இறக்கினார். நூற்று எண்பத்தெட்டு: உடைந்த குடை, பழுது நீக்கத் தக்கது, ஒன்று. இருநூற்று மூன்று: காலி மருந்து பாட்டில்கள், பதினான்கு. இருநூற்றுப் பத்து முதல் இருநூற்று முப்பது வரை: பழைய சுற்றறிக்கைகள் அடங்கிய அட்டைப்பெட்டிகள். எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் போயின. கண்காணிப்பாளர் மாடிப்படி வளைவில் நின்று, அணிவகுப்பைப் பார்வையிடும் தளபதிபோல மரியாதையை ஏற்றுக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்குத் தலைமை லோடுமேன், "முடிஞ்சுது சார், கையெழுத்து போடுங்க" என்றார்.

"ஓவன்?" என்றாள் மனைவி.

எல்லோரும் நடையைப் பார்த்தார்கள்.

"அது லிஸ்ட்ல இல்லீங்கம்மா."

"லிஸ்ட்ல இல்லன்னா? கண்ணுக்கு முன்னாடி நிக்குதே!"

"நாங்க தொடக்கூடாது. சார்தான் எழுதியிருக்கார்." இருபத்தேழாம் நிபந்தனையை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கும்போது கண்காணிப்பாளருக்கு உடம்பு சிலிர்த்தது. தன் எழுத்தை இவ்வளவு பயபக்தியோடு ஒருவர் படித்து அவர் கேட்டதே இல்லை.

மேலாளரை ஃபோனில் பிடித்தார்கள். "சார், விதின்னா விதி, உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆனா அவசரத்துக்கு ஒரு வழி இருக்கு. 'பட்டியல் அவசரத் திருத்தக் கட்டணம்'. மொத்தத்துல பாதி."

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். "பார்த்தியா! கடைசியில வெளிய வந்துடுச்சு. இதுதான் மறைமுகக் கட்டணம். ஒரு பைசா தரமாட்டேன்!"

"என்னங்க, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நூத்தியெண்பது கப் கேக் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் போகணும். நல்லா இருந்தா தினமும் வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. மூணு மாசம் அலைஞ்சு பிடிச்ச ஆர்டர். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது ஓடியாகணும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம். ஏழு வேலை நாள்னு பார்த்தா அதுக்கும் அடுத்த வாரம்."

"அதுவரைக்கும் இது எங்க நிக்கும்?"

"அது ஆய்வுக்குரிய விஷயம்."

கோபத்தில் மனைவியின் முகம் சிவக்கவில்லை, வெளுத்துப்போயிருந்தது. கீழே புதுக் குடித்தனத்தின் வண்டி ஹாரன் அடித்தது. யாரோ ஒரு மெத்தையோடு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

"மினி வேன்காரர் நம்பர் இருக்காம்மா?" என்றாள் மகள், அம்மாவின் காதோரம்.

"இருக்கு" என்றாள் அம்மா.

"மூணு இடத்துல விலை கேக்காம..." என்று கண்காணிப்பாளர் தொடங்கினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபதே நிமிடத்தில் வேன் வந்தது, நான்கு பேரோடு. மெத்தைக்காரர்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி, ஓவனுக்கு இரண்டு போர்வை சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இறக்கினார்கள். பன்னிரண்டடிக்க மூன்று நிமிடம் இருந்தபோது நடை காலியானது. மனைவி வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மகள் பின்னால் ஓவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்காணிப்பாளர், உடைந்த குடைக்குப் பாதுகாப்பாக, லாரியில் போனார்.

புது வீட்டில் ஓவன் சமையலறையில் பெரிய பிளக்குக்குப் பக்கத்தில் நின்றது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாசனை வீடு முழுக்கப் பரவியது. மறுநாள் பத்து மணிக்கு நூற்றெண்பது கேக்கும் போய்ச் சேர்ந்தன. பதினொரு மணிக்கு கேன்டீன்காரர் ஃபோன் செய்து, நாளையிலிருந்து தினமும் இருநூறு வேண்டும் என்றார். மனைவி ஃபோனை வைத்துவிட்டு, மாவுக் கையோடு மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று மதியம் கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தோடு சமையலறைக்கு வந்தார். பணி நிறைவுச் சான்றிதழ். உறுப்பினர் கையெழுத்து இல்லாமல் கோப்பை மூடமுடியாது.

"பாரு, நம்ம தெருவிலேயே, ஏன், நம்ம ஊர்லயே இப்படி ஒருத்தன் வீடு மாத்தியிருக்க மாட்டான். இருபத்தேழு நிபந்தனை. ஒண்ணுலயும் சிக்கல் வரல. இங்க ஒரு கையெழுத்து போடு."

"வேன்காரருக்குக் கொடுத்தது இதுல எங்க இருக்கு?"

"அது ஒப்பந்தத்துக்கு வெளிய நடந்தது. கணக்குல வராது."

"அந்த லாரிக்குக் கொடுத்த முன்பணம்?"

"அது நீதானே உன் டப்பாவிலேர்ந்து எடுத்துக் கொடுத்த? வீட்டுக்குள்ள கொடுக்கல் வாங்கலை யாராவது எழுதுவாங்களா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். வரிவரியாகப் படித்தாள். இத்தனை வருடத்தில் அவருடைய காகிதம் ஒன்றை அவள் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. 'செலுத்தப்பட்ட மறைமுகக் கட்டணம்: இல்லை' என்ற வரிக்கு வந்ததும் பேனாவை வாங்கினாள். 'இல்லை' என்பதை அடித்தாள். பக்கத்தில், 'உண்டு. இருபத்தொரு வருஷமா நான் கட்டுறேன்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அடித்தல் இருந்தால் பக்கத்திலேயே சுருக்கொப்பம் வேண்டும் என்பது விதி. அதை மட்டும் சுட்டிக்காட்டினார். அவள் அதையும் போட்டுக்கொடுத்தாள். அவர் திருப்தியோடு மூன்று நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்து, நாடாவை இறுக்கிக் கட்டினார். அப்பேர்ப்பட்ட நேர்மையாளர் அவர். தன் மேல் எழுதப்பட்ட குற்றச்சாட்டைக்கூட, ஒரு எழுத்து படிக்காமல், பத்திரமாக வைத்திருக்கிறார்.